பதினைந்து ரூபாய் டீக்குப் போன் காட்ட வேண்டிய சான்று

"அண்ணா, டீக்கடையில மானம் போச்சுங்க" என்றபடி போனை என் மேசையில் வைத்தார் அந்தத் தம்பி. நான்கு நாள் முன்னால்தான் அதில் கம்பெனி கொடுத்த ஓஎஸ்ஸை (போனை இயக்கும் அடிப்படை மென்பொருள்) எடுத்துவிட்டு, லினியேஜ்ஓஎஸ் என்ற மாற்று ஆண்ட்ராய்டைப் போட்டுக் கொடுத்திருந்தேன். கம்பெனி அப்டேட் கொடுப்பதை நிறுத்திப் பல நாள் ஆன போன். கூகுள் இல்லாமல் இருந்தால் நிம்மதி என்பதும் அவர் ஆசை. பதினைந்து ரூபாய் டீயைக் குடித்துவிட்டு க்யூஆரை ஸ்கேன் செய்யப் போனால், யுபிஐ செயலி "இந்தச் சாதனம் பாதுகாப்பானது அல்ல" என்று ஒரு வரி காட்டிவிட்டு மூடிக்கொண்டது. பையில் சில்லறை இல்லை. பின்னால் நான்கு பேர் நிற்கிறார்கள்.

தவறு என்னுடையதுதான். "பணம் எதுல கட்டுவீங்க?" என்று முதலிலேயே கேட்டிருக்க வேண்டும். கோவையில் பத்து வருடத்துக்கு மேல் போன் சர்வீஸ் பார்க்கிறேன், எனக்கே அன்று தோன்றவில்லை.

செயலி ஏன் மூடிக்கொள்கிறது? பணம் சம்பந்தப்பட்ட பல செயலிகள் திறந்தவுடன் போனைச் சோதிக்கும் கூகுளின் ப்ளே இன்டெக்ரிட்டி என்ற சேவை வழியாக ஒரு சான்று கேட்கின்றன. அடிப்படை, சாதனம், வலுவானது என்று அதில் மூன்று படி. கூகுள் ஒப்புதல் பெற்ற ஓஎஸ் இல்லையென்றால் இரண்டாம் படியே ஏறாது. லினியேஜ் போட்ட போன்களில் பெரும்பாலும் பூட்லோடர், அதாவது போன் எழும்போது ஓஎஸ்ஸை ஏற்றும் வாசல், பூட்டாமல் திறந்தே கிடக்கும். போனைக் கையில் எடுத்தவர் உள்ளே எதையாவது மாற்றி வைக்க வழி உண்டு. ஆக, வங்கியின் பயத்தில் நியாயமே இல்லை என்று சொல்ல மாட்டேன்.

ஆனால் கூகுளின் பிக்ஸல் போன்களில் போடும் இன்னொரு மாற்று ஓஎஸ்ஸான கிராஃபீன்ஓஎஸ் கதை வேறு. அதைப் போட்டபின் பூட்லோடரைத் திரும்பப் பூட்டிவிடலாம், பாதுகாப்புத் திருத்தங்களும் சுடச்சுட வரும். அதுவும் இரண்டாம் படியில் தேறாது. 2019ல் வாங்கி, வருடக்கணக்கில் ஒரு திருத்தமும் பார்க்காத போனோ, கம்பெனி ஓஎஸ்ஸில் இருக்கிற ஒரே காரணத்தால் அதே படியைத் தாண்டிவிடுகிறது. 2025 மே மாதத்திலிருந்து ஆண்ட்ராய்டு 13ம் அதற்கு மேலும் உள்ள போன்களில் வலுவான சான்றுக்கு மட்டும், கடந்த ஒரு வருடத்துக்குள் திருத்தம் வந்திருக்க வேண்டும் என்று கூகுள் வைத்திருக்கிறது. ஆனால் எல்லாச் செயலியும் அந்த மூன்றாம் படியைக் கேட்பதில்லை. நம் போன் பத்திரமானதா என்பதைவிட, யார் பூட்டிய போன் என்பதைத்தான் இந்தச் சான்று சொல்கிறது.

இதைச் சொன்னதும் பலர் சோர்ந்துவிடுவார்கள். கொஞ்சம் பொறுங்கள், எல்லாச் செயலியும் சான்று கேட்பதில்லை. என்னிடம் "வேலை செய்யலை" என்று வரும் போன்களில் பாதிக்குக் காரணம் டெவலப்பர் ஆப்ஷன்ஸ், செட்டிங்ஸில் மறைந்திருக்கும் நிரலாளர்களுக்கான பகுதி. ஓஎஸ் போடுவதற்காக அதைத் திறந்திருப்போம், மூட மறந்திருப்போம். அது திறந்திருந்தாலே பல வங்கிச் செயலிகள் முறைத்துக்கொள்ளும். மூடிவிட்டு மறுபடி பாருங்கள். கிராஃபீனில் செயலி திறந்த கையோடு மூடிக்கொண்டால், அந்த ஓஎஸ்ஸின் கூடுதல் பாதுகாப்பைத் தளர்த்த அந்தச் செயலிக்கு மட்டும் 'எக்ஸ்ப்ளாய்ட் ப்ரொடெக்‌ஷன் கம்பாட்டிபிலிட்டி மோட்' போட்டுப் பார்க்கலாம்.

அடுத்து எஸ்எம்எஸ். யுபிஐயில் பதிவு செய்யும்போது உங்கள் சிம்மிலிருந்தே ஒரு எஸ்எம்எஸ் போகும். இந்த நம்பர் இந்தப் போனில்தான் இருக்கிறது என்று முடிச்சுப் போடுவது அதுதான். பலர் பணச் செயலியைத் தனி யூசர் புரொஃபைலில் (ஒரே போனுக்குள் பிரித்து வைத்த இன்னொரு பயனர் இடம்) வைத்துவிட்டு, பதிவே ஆகவில்லை என்பார்கள். கிராஃபீனில் இரண்டாவது புரொஃபைலுக்கு அழைப்பும் எஸ்எம்எஸ்ஸும் முதலில் அணைந்தே இருக்கும். முதன்மைப் பயனர் செட்டிங்ஸில் போய் அதை அனுமதித்தால்தான் முடிச்சு விழும்.

காண்டாக்ட்ஸ் அனுமதி இல்லாமல் நகரமாட்டேன் என்று அடம் பிடிக்கும் செயலிகளுக்கு அதே ஓஎஸ்ஸில் 'காண்டாக்ட் ஸ்கோப்ஸ்' என்று ஒன்று இருக்கிறது. அனுமதி கிடைத்துவிட்டதாகச் செயலி நினைத்துக்கொள்ளும், உள்ளே பார்த்தால் ஒரு பெயரும் இருக்காது. எனக்கு ரொம்பப் பிடித்த வசதி. டீக்குக் காசு கொடுக்க என் மாமியார் நம்பர் எதற்கு?

சரி, சான்று கேட்கும் செயலியை ஏமாற்ற முடியாதா? முடியும். போனை ரூட் செய்து, அதாவது ஓஎஸ்ஸின் முழு அதிகாரத்தையும் திறந்துவிட்டு, எங்கிருந்தோ கசிந்த வேறொரு போனின் சான்றுச் சாவியைச் செருகி, நல்ல பிள்ளை மாதிரி காட்ட வைக்கும் வித்தைகள் இருக்கின்றன. நான் அதைச் செய்து கொடுப்பதில்லை. கசிந்த சாவியை கூகுள் ரத்து செய்த அன்று மறுபடி டீக்கடையில் நிற்பீர்கள் என்பது சின்ன விஷயம். முன்பின் தெரியாத யாரோ எழுதிய நிரலுக்கு முழு அதிகாரம் கொடுத்த போனில் உங்கள் வங்கிக் கணக்கும் உட்கார்ந்திருக்கும், அதுதான் பெரிய விஷயம். அந்தரங்கம் வேண்டும் என்று கிளம்பியவர் வந்து சேரும் இடமா அது?

இன்னொன்றையும் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். எந்த ஓஎஸ் போட்டாலும், நீங்கள் யாருக்கு எவ்வளவு அனுப்பினீர்கள் என்பது வங்கிக்கும், யுபிஐயை நடத்தும் என்பிசிஐக்கும், செயலி நிறுவனத்துக்கும் தெரியும். மாற்று ஓஎஸ் அதை மறைக்காது. போனில் இருக்கும் உங்கள் மற்ற வாழ்க்கையை, அதாவது படங்கள், தொடர்புகள், போய்வந்த இடங்கள் இவற்றைப் பணச் செயலியின் கண்ணில் படாமல் வைக்க உதவும், அவ்வளவுதான். இரண்டையும் குழப்பிக்கொண்டு வருகிறவர்கள்தான் அதிகம். நம்பரையே யுபிஐ ஐடியாக வைத்துப் பணம் வாங்கி அனுப்பிக்கொண்டு, கூகுள் வேவு பார்க்கிறது என்று கோபப்படுவார்கள். நம்பர் இல்லாத ஐடி ஒன்றைச் செயலியிலேயே உருவாக்கிக்கொள்ளலாம், அதற்கு ஓஎஸ் மாற்றவே வேண்டாம்.

அந்தத் தம்பிக்கு நான் சொன்னது இரண்டு போன் ஏற்பாடு. வீட்டில் இன்னொரு போன் இருந்தது. கம்பெனி ஓஎஸ், இன்னும் அப்டேட் வருகிறது. வங்கி நம்பர் இருக்கும் சிம் அதில் போனது. அதில் யுபிஐ தவிர வேறு எதுவும் கிடையாது. வாட்ஸ்அப் இல்லை, படம் இல்லை. அதோடு சேர்த்த கணக்கும் சம்பளக் கணக்கு அல்ல, மாதம் சில ஆயிரம் மட்டும் போட்டு வைக்கும் தனிக் கணக்கு. லினியேஜ் போனில் வேறு சிம், மற்ற எல்லாம். இரண்டு போன் தூக்குவது தொல்லை என்றார். தொல்லைதான், மறுக்கவில்லை.

அதனால்தான் தினமும் யுபிஐ தேவையா என்றும் கேட்டேன். வைஃபை சின்னம் போட்ட டெபிட் கார்டு இருந்தால், 5,000 ரூபாய் வரை பின் நம்பர் (PIN) இல்லாமல் தட்டினாலே போதும். அது உங்கள் போனில் என்ன ஓஎஸ் என்று கேட்பதில்லை. வசதி என்பதால் தொலைந்தாலும் வசதிதான், எடுத்தவருக்கு. அந்த வரம்பை வங்கிச் செயலியில் குறைத்து வைத்துக்கொள்ளுங்கள். டேட்டாவே இல்லாத பட்டன் போனிலும் *99# அழுத்தி ஒரு தடவைக்கு 5,000 வரை அனுப்பலாம்; க்யூஆர் ஸ்கேன் செய்ய முடியாது, பொறுமையும் வேண்டும், அவசரத்துக்குக் கை கொடுக்கும். அப்புறம், சட்டைப் பையில் ஒரு நூறு ரூபாய் நோட்டு.

சின்னச் செலவுக்காக யுபிஐ செயலியிலேயே கொஞ்சம் பணத்தை முன்கூட்டி ஏற்றி வைக்கும் யுபிஐ லைட் பற்றியும் கேட்கிறார்கள். 1,000 ரூபாய் வரையிலான செலவுக்கு அது பின் நம்பர் கேட்காது, அதிகபட்சம் 5,000 வைத்திருக்கலாம். டீ, வடை, பஸ் என்று ஒவ்வொன்றும் வங்கிப் பாஸ்புக்கில் வரிசை கட்டாது. லைட்டில் பணம் ஏற்றியது மட்டும் ஒரு வரியாக வரும். வீட்டில் பாஸ்புக்கைப் பார்ப்பவர்களிடமிருந்து காக்கிற அந்தரங்கம் அது, செயலியிடமிருந்து அல்ல. ஆனால் அந்த இருப்பு அந்தப் போனோடு கட்டியது. ஒரு அக்கா லைட்டில் 1,800 ரூபாயோடு போனைக் கொடுத்தார்; நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை, ஓஎஸ் மாற்றும்போது எல்லாம் அழிந்தது. வங்கிக்கு எழுதிப் பணம் திரும்பி வர மூன்று வாரம் ஆனது. "போன் நல்லாத்தான் இருக்கு தம்பி, என் ஆயிரத்தெண்ணூறு எங்க?" என்று இரண்டு நாளைக்கு ஒரு முறை கூப்பிடுவார்.

இப்போது கேபிளைச் செருகுவதற்கு முன் கேள்வி இரண்டு. பணம் எதில் கட்டுவீர்கள், லைட்டில் எவ்வளவு இருக்கிறது. இருந்தால் அங்கேயே லைட்டை மூடி, பணம் கணக்குக்குத் திரும்பிவிட்டதா என்று அவர்களையே பார்க்கச் சொல்கிறேன்.