ஒன்பது முன்னோரின் வாரிசுகள்: ஜெர்பில்களும் உட்கலப்பும்

சிங்கப்பூரின் ஈசூனில் என் அக்காள் வீட்டுக்குச் சென்றிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, அவருடைய பத்து வயது மகன் கண்ணாடித் தொட்டியைக் கழுவுவதற்காகத் தான் வளர்க்கும் இரு ஜெர்பில்களில் (எலியைப் போன்ற சிறு கொறிவிலங்கு) ஒன்றை எடுத்து வேறொரு பெட்டியில் விட்டான். சில நொடிகளில் அதன் மீசையும் காதுகளும் துடித்தன. பிறகு காதுகள் பின்னோக்கிப் படிந்து, உடல் விறைத்து, கால்கள் இழுத்துக்கொண்டன. “சித்தி, செத்துப்போச்சா?” என்று கேட்கும்போதே அவனுக்கு அழுகை வந்துவிட்டது. இரண்டு நிமிடத்துக்குள் அது எழுந்து சூரியகாந்தி விதை தேடத் தொடங்கியது. அது தெளிந்த பிறகு அவன் கேட்ட கேள்வியே இக்கட்டுரைக்குக் காரணம்: “இதோட அப்பா அம்மாவுக்கும் இப்படி வந்திருக்குமா?”

வந்திருக்கக்கூடும். மனிதர் வளர்க்கும் ஜெர்பில்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒன்று வலிப்புக்கு ஆளாகக்கூடியது. சில வம்சங்களில் இந்த விகிதம் இன்னும் அதிகம். பிறந்து இரண்டு மாதமளவில் தொடங்கும் இவ்வலிப்பைப் புதிய இடம், திடீர் ஓசை, பழகாத கை ஆகியவை தூண்டிவிடுகின்றன. பெரும்பாலும் இது உயிருக்கு ஊறு செய்வதில்லை, மருந்தும் தேவைப்படுவதில்லை. தொடாமலும் ஓசையின்றியும் விட்டுவிட்டால் தானாகவே அடங்கிவிடும். 1970-களில் கலிபோர்னியாவில் ஆய்வாளர்கள் வலிப்பு வரும் ஜெர்பில்களைத் தங்களுக்குள்ளும், வராதவற்றைத் தங்களுக்குள்ளும் இணைசேர்த்து இரு தனி வம்சங்களையே உருவாக்கினர். இப்படிப் பிரித்தெடுக்க முடிந்தது என்பதே, இந்நோயின் வேர் மரபணுக்களில் இருக்கிறது என்பதற்குச் சான்றாகும். ஆனாலும் மரபு மட்டுமே முடிவு செய்வதில்லை: பிறந்த முதல் இரண்டு, மூன்று வாரங்களில் அடிக்கடி மென்மையாகக் கையாளப்பட்ட குட்டிகளுக்கு, வலிப்புக்கான மரபு இருந்தாலும், அது வெளிப்படாமல் போகலாம்.

ஒரு விலங்கினத்தில் இத்தகைய குறை இவ்வளவு பரவலாக இருப்பது ஏன் என்று அறிய, நம் வீடுகளில் உள்ள ஜெர்பில்கள் எங்கிருந்து வந்தன என்று பார்க்க வேண்டும். மங்கோலியாவையும் வட சீனாவையும் சேர்ந்த வறண்ட புல்வெளிகளே அவற்றின் பூர்வீகம். 1935-இல் அமூர் ஆற்றுப் படுகையில் பிடிக்கப்பட்ட 20 இணைகள் ஜப்பானிய ஆய்வகத்துக்குச் சென்றன. அவற்றின் வழிவந்த 11 இணைகளை 1954-இல் விக்டர் ஷ்வென்ட்கர் என்பவர் நியூயார்க் மாநிலத்தில் இருந்த தம் பண்ணைக்கு வரவழைத்தார். அந்த 22 விலங்குகளில் இனம்பெருக்கியவை ஐந்து பெண்களும் நான்கு ஆண்களும் மட்டுமே. அமெரிக்க ஜெர்பில்கள் பெரும்பாலும் இந்த ஒன்பதின் சந்ததிகள். 1964-இல் பிரிட்டனுக்கு அனுப்பப்பட்டவையும் அமெரிக்காவிலிருந்தே சென்றன.

இந்த ஒன்பது என்னும் எண்ணைச் சற்று நின்று நோக்க வேண்டும். பாலூட்டிகளின் உடலில் ஏறக்குறைய ஒவ்வொரு மரபணுவுக்கும் இரண்டு பிரதிகள் உண்டு. ஒன்று தாய் தந்தது, மற்றொன்று தந்தை தந்தது. ஆகவே ஒன்பது விலங்குகளிடம் ஒரு மரபணுவுக்கு மொத்தம் 18 பிரதிகள் மட்டுமே இருக்கும். காட்டில் ஆயிரத்தில் ஒன்றாக மறைந்து கிடக்கும் ஒரு பழுதான பிரதி, தற்செயலாக அந்த ஒன்பதில் ஒன்றிடம் இருந்தால், புதிய கூட்டத்தில் அது 18-இல் ஒன்றாகிவிடுகிறது. காட்டு ஜெர்பில்களின் மரபணுக்களை ஆய்வக ஜெர்பில்களுடையவற்றோடு ஒப்பிட்ட ஆய்வுகளும், ஆய்வகக் கூட்டத்தில் வேற்றுமை மிகக் குறைவு என்றே காட்டுகின்றன.

பழுதான பிரதி ஒன்று இருப்பதாலேயே நோய் வந்துவிடுவதில்லை. பெரும்பாலான பழுதுகள் ஒடுங்கு தன்மை உடையவை: மற்றொரு பிரதி நன்றாக இருந்தால் அதுவே வேலையைப் பார்த்துக்கொள்ளும். இரண்டு பிரதிகளும் பழுதானால்தான் குறை வெளியே தெரியும். உறவில்லாத இரு விலங்குகள் ஒரே பழுதைச் சுமப்பது அரிது; அண்ணனும் தங்கையும் சுமப்பது அரிதன்று. தந்தையிடம் உள்ள ஒரு குறிப்பிட்ட பிரதி மகனுக்குச் செல்லும் வாய்ப்பு பாதி, மகளுக்குச் செல்லும் வாய்ப்பு பாதி. அவ்விருவரும் இணைந்து ஈனும் குட்டிக்கு இருபுறமிருந்தும் அதே பிரதி சென்று சேரும் வாய்ப்பு மேலும் பாதி, பாதி. பெருக்கினால் 16-இல் ஒரு பங்கு. பாட்டன் பாட்டியிடம் இத்தகைய பிரதிகள் நான்கு இருப்பதால், மொத்தம் நான்கில் ஒரு பங்கு. நெருங்கிய உறவுகள் தமக்குள் இணைவதே உட்கலப்பு; அதன் அளவைக் காட்டும் இந்த 25 விழுக்காட்டையே உட்கலப்புக் கெழு என்கின்றனர். மாமன் மகளை மணக்கும் வழக்கத்தைக் கண்டு வளர்ந்த நமக்கு ஓர் ஒப்பீடு உதவும்: அத்தகைய மணத்தில் பிறக்கும் குழந்தைக்கு இக்கெழு 6.25 விழுக்காடு, அக்காள் மகளை மணந்தால் 12.5 விழுக்காடு. உடன்பிறந்த ஜெர்பில்களின் முதல் ஈற்றிலேயே அது இதைப்போல் இரு மடங்கு. உடன்பிறந்தவற்றையே அடுத்தடுத்து இணைசேர்த்துச் சென்றால் இரண்டாம் தலைமுறையில் 37.5, மூன்றாம் தலைமுறையில் 50 விழுக்காடு என அது ஏறும்.

ஆகவே உட்கலப்பு புதிய நோயைப் படைப்பதில்லை, மறைந்திருந்ததை வெளிக்கொணர்கிறது. அதன் முதல் அடையாளம் விசித்திரமான நோயாக அன்றி, ஈற்றில் குட்டிகள் குறைவது, பிறந்தவற்றில் சில பால் மறக்குமுன் இறப்பது, வளர்ச்சி மந்தமாவது என அமைதியாகவே தென்படும். நோய் எதிர்ப்பு மரபணுக்களுக்கு வேற்றுமையே பலம் என்பதால், இரு பிரதிகளும் ஒன்றுபோல் அமைந்த விலங்கு குறைவான வகைக் கிருமிகளையே அடையாளம் காணும்.

அழகுக்காகத் தேர்ந்தெடுப்பதும் இதைக் கூட்டுகிறது. நெற்றியிலும் பிடரியிலும் வெள்ளைப் புள்ளியுள்ள ஜெர்பில்களைப் பலரும் விரும்புகின்றனர். அப்புள்ளியைத் தரும் மரபணு ஒரு பிரதியாக இருந்தால் தீங்கில்லை. இரண்டாகச் சேர்ந்தால் கரு தாயின் வயிற்றிலேயே இறந்துவிடும். புள்ளியுள்ள இரண்டை இணைசேர்ப்பவர், தம் கண்ணில் படாமலேயே நான்கில் ஒரு கருவை இழக்கிறார்.

என்னை மிகவும் நெகிழச் செய்த செய்தி ஒன்றுண்டு. ஜெர்பில்களுக்கே உறவுக் கலப்பைத் தவிர்க்கும் முறை ஒன்று இருக்கிறது. பெற்றோரும் குட்டிகளுமாக ஒரே வளையில் வாழும் இவ்விலங்குகளில், பெற்றோருடன் இருக்கும் மகள்களின் பருவமடைதல் தள்ளிப்போகிறது. சினைப்பருவத்திலுள்ள பெண் அண்டை எல்லைக்குள் சென்று, வேறு குடும்பத்து ஆணுடன் கூடிவிட்டு, தன் வளைக்கே திரும்பி வந்து குட்டிகளை வளர்க்கிறது. கண்ணாடித் தொட்டியில் அண்டை எல்லை என்று ஒன்று இல்லை. அந்தச் சிறு பயணத்தை நாம் பறித்துவிடுவதால், மூன்று மாத அளவில் பருவமடையும் அண்ணனும் தங்கையும் வேறு வழியின்றி இணைகின்றன. 25 நாளளவில் குட்டிகள் பிறக்க, அன்றே தாய் மீண்டும் சினையாகலாம்.

ஆனால் ஜெர்பிலின் எல்லாக் கோளாறுகளையும் உட்கலப்பின் தலையில் சுமத்துவது தவறு. அது வளர்ப்பவரின் பொறுப்பை மறைத்துவிடும். தொட்டியின் மூலையில் மணிக்கணக்கில் ஓயாமல் பறண்டுவதைப் பலர் பிறவிக்குறை என எண்ணுகின்றனர். சூரிக்கில் வீடன்மாயர் என்ற ஆய்வாளர் 1997-இல் வெளியிட்ட ஆய்வின்படி, தோண்டுவதற்கு மணல் கொடுத்தாலும் அப்பழக்கம் நிற்பதில்லை. சுரங்கவழி போன்ற நுழைவாயிலுடைய இருண்ட அறை கொடுத்தால்தான் அது உருவாகாமல் இருக்கிறது. அவ்விலங்கு தேடுவது தோண்டும் வேலையை அன்று, பதுங்கும் வளையை. வலிப்பு மரபின் கோளாறு. பறண்டல் வீட்டின் கோளாறு.

சிங்கப்பூரில் இன்னொன்றும் சேர்கிறது. வறண்ட நிலத்துக்காக அமைந்த இவ்வுடலுக்கு 50 விழுக்காட்டுக்கு மேற்பட்ட ஈரப்பதம் ஒவ்வாது; இங்கோ ஆண்டுச் சராசரியே 80-ஐத் தாண்டுகிறது. அடர்ந்த ரோமம் எண்ணெய் பூசியதுபோல் ஒட்டிக்கொள்வதும், கண்ணின் பின்னுள்ள சுரப்பியின் கசிவு தேங்கி மூக்கின் ஓரம் புண்ணாவதும் பெரும்பாலும் இதனால்தான். சமையலறைப் பக்கம் தொட்டியை வைக்காமல், உலர்ந்த அறையில் வைத்து மணல் குளியல் தந்தால் பெரும்பாலும் தேறிவிடும்.

உடன்பிறந்தவற்றைச் சேர்த்து வளர்ப்பதே தவறு என்றும் கொள்ளக்கூடாது. ஜெர்பில் தனிமையைத் தாங்காத விலங்கு. ஒரே ஈற்றில் பிறந்த இரு சகோதரர்களோ இரு சகோதரிகளோ நல்ல துணை. பழகாத வளர்ந்த இரண்டை ஒரே தொட்டியில் விட்டால் சாகும்வரை சண்டையிடும். எனவே கவனம் ஆணா பெண்ணா என்று அறிவதில் இருக்க வேண்டும்: ஆணுக்கு மலவாய்க்கும் சிறுநீர்த் துளைக்கும் உள்ள இடைவெளி பெண்ணைவிட அதிகம்; ஐந்து வாரக் குட்டிகளை அருகருகே வைத்துப் பார்த்தால் வேறுபாடு தெரியும். இனம்பெருக்க விரும்புவோருக்கு ஆறுதலான செய்தியும் உண்டு: பல தலைமுறை உட்கலப்பில் வந்த விலங்கானாலும், உறவற்ற துணையுடன் சேர்ந்தால் அதன் குட்டிகளின் கெழு அந்த ஒரே தலைமுறையில் ஏறக்குறைய சுழியத்துக்கு இறங்கிவிடும். அதற்கு இரு பக்கத்துப் பெற்றோரையும் அறிந்திருக்க வேண்டும். அக்காள் மகனின் ஜெர்பில்களை விற்ற கடையில் அப்படி ஒரு பதிவு இல்லை. ‘இரண்டும் ஆண்’ என்று கொடுத்ததில் ஒன்று பெண் என்பதையும் கால்நடை மருத்துவரே கண்டு சொன்னார்.

இப்போது தொட்டியின் நடுவே கம்பிவலை இருக்கிறது. அண்ணனை வேறு தொட்டிக்கு மாற்றியாயிற்று. வலையின் ஒரு பக்கம் தங்கையும் மறு பக்கம் வேறு வீட்டிலிருந்து வந்த இளம் பெண் ஜெர்பிலும் இருக்கின்றன. ஒன்றன் வாசனை மற்றொன்றுக்குப் பழகும்வரை, நாளைக்குப் பலமுறை அவற்றை மெதுவாக எடுத்துப் பக்கம் மாற்றிவிடுவது அவனுடைய வேலை.