நசுக்கிய மிக்ஸை மாஸ்டரிங்கில் நிமிர்த்த முடியாது

பாட்டின் எல்லா ஒலிகளும் ஒன்றுசேரும் மாஸ்டர் சேனலில், உச்சங்களை அமுக்கிச் சத்தத்தை ஏற்றும் ஒரு லிமிட்டர், அது போதாதென்று அதன் பின்னால் இன்னொன்று. ஃபைலைத் திறந்தால் முதல் நொடியிலிருந்து கடைசி நொடிவரை அலைவடிவம் செங்கல்போல ஒரே உயரம். கூடவே ஒரு குறிப்பு: "வெள்ளிக்கிழமை ரிலீஸ், இன்னும் கொஞ்சம் சத்தம் வேண்டும்."

மிக்ஸ் முடிந்த பாட்டை வெளியீட்டுக்குத் தயாராக்கும் கடைசிக் கட்டமான மாஸ்டரிங்தான் என் வேலை. இந்த மாதமும் ஒரு ராக் இசைக்குழுவின் முதல் சிங்கிள் இப்படித்தான் என்னிடம் வந்தது. பாட்டு நன்றாக இருக்கிறது, வயிற்றெரிச்சலே அதனால்தான். கோரஸுக்குள் நுழையும் இடத்தில் டிரம்மர் உயிரைக் கொடுத்து ஒரு ஃபில் (ஒரு பகுதியிலிருந்து அடுத்ததற்குத் தாவும் குட்டித் தாளக்கோர்வை) வாசித்திருக்கிறார். அங்கே ஸ்நேர் வெடித்துக் கிளம்ப வேண்டும். கேட்டதோ 'டொப்' என்று ஒரு மொண்ணைச் சத்தம். கோரஸ் வந்ததும் பாட்டு பெரிதாவதற்குப் பதிலாகச் சிறிதாகிறது. லிமிட்டரை எடுத்துவிட்டு மறுபடி அனுப்புங்கள் என்று கேட்டால், ஒவ்வொரு ஒலியும் தனித்தனியாக உள்ள ப்ராஜெக்ட் ஃபைல் மிக்ஸ் செய்த நண்பரிடம் இருக்கிறது, அவர் ஊரில் இல்லை, தேதியை அறிவித்தாகிவிட்டது என்கிறார்கள். வெட்டுப்பட்ட உச்சங்களை மீட்பதாகச் சொல்லும் பிளக்-இன்கள் உண்டு. அவை ஊகித்து நிரப்புகின்றன, அவ்வளவுதான். அந்த டிரம்மர் அடித்த அடி திரும்பி வராது.

இத்தனைக்கும் காரணம் ஒரே ஒரு நம்பிக்கை: சத்தமாக மாஸ்டர் செய்தால் ஸ்பாட்டிஃபையில் நம் பாட்டு மற்றவர்களுடையதைவிட ஓங்கி ஒலிக்கும் என்பது. ஒலிக்காது. எத்தனை முறை சொன்னாலும் இது மண்டையில் ஏற மறுப்பதால் கணக்காகவே சொல்கிறேன்.

ஸ்ட்ரீமிங் தளங்கள் ஒவ்வொரு பாட்டின் சராசரி உரப்பையும் அளந்து, எல்லாவற்றையும் ஒரு மட்டத்துக்குக் கொண்டுவந்து ஒலிக்கின்றன. அளக்கும் முறையைச் சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம் 2006-லேயே வகுத்துவிட்டது. அலகின் பெயர் எல்யூஎஃப்எஸ். எண்கள் மைனஸில் வரும், சுழியத்தை நெருங்க நெருங்கச் சத்தம் அதிகம். ஸ்பாட்டிஃபையின் வழக்கமான மட்டம் மைனஸ் 14. ஆப்பிள் மியூசிக்கின் சவுண்ட் செக் மைனஸ் 16. இப்போது இரண்டு மாஸ்டர்களை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்று மைனஸ் 6 வரை நசுக்கியது, இன்னொன்று மைனஸ் 10-இல் நிறுத்தியது. இரண்டிலும் உச்சம் மைனஸ் 1 டெசிபல். ஸ்பாட்டிஃபை முதலாவதை 8 டெசிபல் இறக்கும். அதன் உச்சம் மைனஸ் 9-க்குப் போய்விடும். இரண்டாவதை 4 டெசிபல்தான் இறக்கும். உச்சம் மைனஸ் 5-இல் நிற்கும். சராசரி உரப்பு இரண்டுக்கும் ஒன்றே. ஆனால் இரண்டாவது பாட்டின் கிக்கும் ஸ்நேரும் 4 டெசிபல் உயரத்தில் நின்று அடிக்கின்றன. சத்தத்துக்காக நசுக்கியவர்தான் அடக்கமாக ஒலிக்கிறார்.

மட்டப்படுத்தும் இந்த வசதியை, கேட்பவர் அணைத்துவைக்கலாமே என்று ஒரு வாதம் வரும். அணைக்கலாம். அணைத்தவர் கையில் வால்யூம் பொத்தானும் இருக்கிறது.

இதைச் சொன்னதும் சிலர் மறுகோடிக்கு ஓடிவிடுகிறார்கள். மைனஸ் 14 என்ற எண்ணைச் சுவரில் ஒட்டிக்கொண்டு ராக் பாட்டை வம்படியாக அங்கே கொண்டுபோய் நிறுத்துகிறார்கள். அதுவும் வேண்டாம். அந்த எண் தளத்துக்கானது, உங்கள் பாட்டுக்கானதல்ல. அடர்த்தியான கிட்டார்கள் உள்ள பாட்டு மைனஸ் 9, 10 என்று இயல்பாகவே நிற்கும். நிற்கட்டும். உச்சத்துக்கு மட்டும் இடம் விடுங்கள்: மைனஸ் 14-ஐவிட உரத்த மாஸ்டர் என்றால் ட்ரூ பீக் (ஒலி அலை உண்மையில் தொடும் உச்சம்) மைனஸ் 2 டெசிபலுக்குக் கீழே இருக்கட்டும் என்பது ஸ்பாட்டிஃபையின் பரிந்துரை. தளம் ஃபைலைச் சுருக்கும்போது உச்சங்கள் எம்பிக் கரகரக்கும் என்பதால்தான் அது.

பெரிய குழுக்களின் பாட்டு மட்டும் எப்படி அத்தனை கனமாக ஒலிக்கிறது? விடை லிமிட்டரில் இல்லை. கிட்டாரில் கெயினை (ஒலியை முறுக்கிக் கரகரப்பாக்கும் அளவை) குறைத்து, அதே பகுதியை இரண்டு முறை வாசித்து, இடமும் வலமும் வைத்துப் பாருங்கள். கெயினை ஏற்றி ஒருமுறை வாசித்ததைவிட அகலமாகக் கேட்கும். பேஸ் கிட்டாரும் கிக்கும் ஒரே அதிர்வெண்ணில் முட்டிக்கொண்டால், அங்கேயே உங்கள் இடமெல்லாம் தீர்ந்துவிடும். ஒவ்வொரு டேக்குக்கும் முன்னால் ட்யூனிங் பாருங்கள். கனம் அங்கே பிறக்கிறது.

மாஸ்டரின் இரண்டு வடிவங்களை ஒப்பிடும்போது காதை நம்பாதீர்கள். அளவு கூடினால் தாழ்ந்த ஒலிகளும் உயர்ந்த ஒலிகளும் கூடுதலாகக் காதில் விழும் என்பதை ஃப்ளெட்சரும் மன்சனும் 1933-லேயே காட்டிவிட்டார்கள். ஒரு டெசிபல் கூடியதும் 'நன்றாக இருக்கிறது' என்று தோன்றுவது அதனால்தான். இரண்டு வடிவங்களையும் ஒரே உரப்புக்குக் கொண்டுவந்துவிட்டு அப்புறம் தேர்ந்தெடுங்கள்.

மாஸ்டரிங்குக்கு அனுப்பும்போது 24 பிட் வேவ் (சுருக்கப்படாத) ஃபைல், ரெக்கார்டிங்கில் இருந்த அதே சாம்பிள் ரேட். மாஸ்டர் சேனலில் லிமிட்டர் வேண்டாம். லிமிட்டர் போட்டுக் கேட்டுப் பழகிவிட்டீர்களா, அந்த வடிவத்தையும் தனியாக அனுப்புங்கள். எதை விரும்பினீர்கள் என்று எனக்குப் புரியும், உண்மையாகவே உதவும். எம்பி3-ஐ வேவாக மாற்றி அனுப்புகிறவர்களுக்கு: தெரிந்துவிடும். 128 கேபிபிஎஸ் எம்பி3-இல் 16 கிலோஹெர்ட்சுக்கு மேல் பெரும்பாலும் எதுவுமே இருக்காது.

ரிலீஸ் தேதியை மாஸ்டர் கைக்கு வந்த பிறகு அறிவியுங்கள், கெஞ்சிக் கேட்கிறேன். 2015 ஜூலையிலிருந்து உலகெங்கும் வெள்ளிக்கிழமைதான் வெளியீட்டு நாள் என்பது சரி. அது இந்த வெள்ளியாகத்தான் இருக்க வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. ஸ்பாட்டிஃபையின் பிளேலிஸ்ட் ஆசிரியர்களிடம் இன்னும் வெளிவராத பாட்டை மட்டுமே நீங்கள் பரிந்துரைக்க முடியும். குறைந்தது 7 நாள் முன்னால் அனுப்பினால்தான் உங்களைப் பின்தொடர்பவர்களின் ரிலீஸ் ரேடார் என்ற புதுப்பாட்டுப் பட்டியலில் அந்தப் பாட்டு நிச்சயமாக வரும். அவசரப்பட்டு நேற்று ஏற்றிய பாட்டுக்கு அந்தக் கதவு திறக்காது.

பாட்டைத் தளங்களுக்கு ஏற்றித் தரும் டிஸ்ட்ரிபியூட்டரை மாற்றினால் பழைய ஐஎஸ்ஆர்சி எண்ணையே கொடுங்கள். அந்த 12 எழுத்தெண்கள் அந்த ஒலிப்பதிவின் அடையாளம். புதிது வாங்கினால் இதுவரை சேர்ந்த ஸ்ட்ரீம் கணக்கு பழைய எண்ணோடு தங்கிவிடக்கூடும். ரீமிக்ஸ்போல ஒலிப்பதிவே மாறினால் புதிய எண்.

பணம் கொடுத்து ஸ்ட்ரீம் வாங்காதீர்கள். தளம் கண்டுபிடித்தால் பாட்டையே தூக்கிவிடும்.

கடைசியாக, பாடல், மெட்டு, ஒலிப்பதிவு ஆகியவற்றில் யாருக்கு எத்தனை பங்கு என்று ஒரு தாளில் எழுதி எல்லோரும் கையெழுத்துப் போடுங்கள். பாட்டை ஏற்றுவதற்கு முன்னால். மிக்ஸ் செய்த நண்பரையும் அந்த மேசையில் உட்காரவைத்து, ப்ராஜெக்ட் ஃபைலின் ஒரு பிரதியை அன்றைக்கே வாங்கிக்கொள்ளுங்கள்.