சுமை தூக்கும் ஒளி, கணக்குப் போடும் ஒளி

பெங்களூரு அல்சூர் ஏரிக்குப் பக்கத்தில் குடியிருக்கும் என் பெரியப்பா, தொலைபேசித் துறையின் கேபிள் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். போன ஞாயிற்றுக்கிழமை காபி டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டே கைபேசியை என் பக்கம் நீட்டினார். ஏதோ ஒரு வெளிநாட்டு ஃபோட்டானிக்ஸ் கம்பெனி, அதாவது ஒளியை வைத்து வேலை செய்யும் சிப்புகளைச் செய்வது. பங்கு விலைக் கோடு சுவரில் சாய்த்த ஏணி போல ஏறியிருந்தது.

"ஒளியிலேயே கணக்குப் போடுமாம்டா. கரண்டை விட ஒளி வேகமாச்சே. இனிமே ஏ.ஐ. எல்லாம் இதுலதானாம். உங்க அண்ணன் வாங்கிட்டான். நானும் வாங்கட்டுமா?"

வாங்கலாமா கூடாதா என்று சொல்லும் தகுதி எனக்கு இல்லை. ஆனால் அவர் சொன்னதில் ஒன்றோடொன்று சேராத விஷயங்கள் சேர்ந்து கிடந்தன. அவற்றைப் பிரித்துக் காட்டலாம் என்று உட்கார்ந்தேன்.

முதலில் வேகம். வெற்றிடத்தில் ஒளி நொடிக்கு 3 லட்சம் கிலோமீட்டர் போகும். சரி, கண்ணாடி ஃபைபருக்குள் நுழைந்தால் 2 லட்சம்தான். நல்ல செம்புக் கேபிளில் மின் சமிக்ஞையும் கிட்டத்தட்ட அதே வேகத்தில்தான் ஓடுகிறது. சிலிக்கான் சிப்பில் செதுக்கிய ஒளிப்பாதையிலோ இன்னும் மோசம், ஏறத்தாழ 70,000 கிலோமீட்டர். ஆக, வேகத்துக்காக யாரும் ஒளியைத் தேடிப் போகவில்லை.

தேடிப் போவது செம்பின் தொல்லை தாங்காமல். இன்றைய ஏ.ஐ. கருவிகளில் ஒரே ஜோடிக் கம்பியில் நொடிக்கு 20,000 கோடி பிட்டுகளை அனுப்புகிறார்கள். மின்னோட்டம் இவ்வளவு வேகமாக மாறும்போது கம்பியின் உள்பக்கத்தை விட்டுவிட்டு அதன் தோலில் மட்டும் ஓடுகிறது. பாதை குறுகுவதால் மின்தடை கூடுகிறது, சுற்றியுள்ள உறையும் கொஞ்சம் உறிஞ்சிக்கொள்கிறது. கல் மண்டபத்தில் நின்று வேகமாகப் பேசினால் ஒரு சொல்லின் வால் அடுத்த சொல்லின் தலையில் விழுமே, அப்படி ஒரு பிட் அடுத்த பிட்டின் மேல் வழிகிறது. ஒன்றிரண்டு மீட்டர் தாண்டுவதற்குள் எது பூஜ்யம், எது ஒன்று என்றே தெரியாது. ஒளிக்கு இந்த வியாதி மிகக் குறைவு. நல்ல ஃபைபரில் 15 கிலோமீட்டர் போன பிறகும் பாதி வெளிச்சம் மிச்சமிருக்கும். பிட்டுகளை எவ்வளவு நெருக்கி அனுப்பினாலும் அந்த இழப்பு மாறாது.

அப்படியானால் எல்லாரும் ஒளிக்கு மாறியிருக்க வேண்டுமே? வேடிக்கை இங்கேதான். 2024-இல் ஏ.ஐ. சிப் செய்யும் என்விடியா அறிமுகப்படுத்திய ரேக்கில், அதாவது அலமாரி போன்ற கணினி அடுக்கில், ஏ.ஐ. கணக்குப் போடும் சிப்புகளான ஜிபியுக்கள் 72. அவற்றை இணைக்க 5,000-க்கும் மேற்பட்ட செம்புக் கேபிள்கள், நீட்டிப் போட்டால் 3 கிலோமீட்டருக்குக் கிட்டே வரும். ஒளியைப் பயன்படுத்தியிருந்தால் மின்சாரத்தை ஒளியாக்கி மறுபடி மின்சாரமாக்கும் கருவிகளுக்கே 20 கிலோவாட் போயிருக்கும் என்று என்விடியாவின் தலைவர் ஜென்சன் ஹுவாங் மேடையிலேயே சொன்னார். ஒளி சுமப்பதற்குக் கூலி அதிகம் கேட்பதில்லை. ஏற்றுவதற்கும் இறக்குவதற்கும்தான் கேட்கிறது.

அந்தக் கூலியைக் குறைக்கும் வழிதான் இன்றைய பரபரப்பின் மையம். இதுவரை மாற்றும் கருவி பெட்டியின் ஓரத்தில் செருகப்பட்டிருந்தது. சிப்பிலிருந்து அதுவரை சமிக்ஞை செம்பில்தான் முக்கி முனகி வரவேண்டும். இப்போது அந்தக் கருவியையே சுருக்கி, சிப்புக்குப் பக்கத்தில் ஒரே பலகையில் வைக்கிறார்கள். 2025 மார்ச்சில் என்விடியா இப்படிப்பட்ட ஸ்விட்ச்களை, அதாவது கணினிகளுக்கிடையே தரவைத் திருப்பிவிடும் பெட்டிகளை, அறிவித்தது. மின்செலவு மூன்றரை மடங்கு குறையும் என்பது அவர்கள் கணக்கு.

இதற்குள் நடப்பது அழகான வேலை. நம் கண்ணுக்குச் சாம்பல் கல்லாகத் தெரியும் சிலிக்கான், 1310 நானோமீட்டர் அகச்சிவப்பு ஒளிக்குக் கண்ணாடி. அதில் அரை மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) அகலத்துக்கு ஒரு வாய்க்கால் செதுக்கிச் சுற்றிலும் கண்ணாடியைப் பூசிவிட்டால் ஒளி கரை தாண்டாமல் வளைந்து வளைந்து ஓடும். வாய்க்காலை ஒட்டி ஒரு சின்ன வளையம், விட்டம் பத்து மைக்ரான் அளவு. அதன் சுற்றளவுக்குள் முழு எண்ணிக்கையில் அலைகள் அடங்கினால் ஒளி வளையத்துக்குள் புகுந்து அங்கேயே தீர்ந்துபோகும். துளி மின்னழுத்தம் கொடுத்தால் சிலிக்கானின் ஒளிவிலகல் மாறும், அலை அடங்காது, ஒளி நேரே போய்விடும். இருட்டு பூஜ்யம், வெளிச்சம் ஒன்று. வேறு வேறு அளவில் வளையங்களை வைத்தால் வேறு வேறு நிறங்கள் ஒரே வாய்க்காலில், ஒன்றை ஒன்று தொந்தரவு செய்யாமல் போகும்.

ஆனால் வளையம் சூடானால் அதன் நிறம் நழுவிவிடும். பக்கத்தில் கொதிப்பதோ நூற்றுக்கணக்கான வாட் இழுக்கும் சிப். அதனால் ஒவ்வொரு வளையத்துக்கும் ஒரு குட்டி ஹீட்டர் வைத்து எப்போதும் ஒரே சூட்டில் பிடித்து வைக்கிறார்கள். இன்னொரு குறை, சிலிக்கான் தானாக ஒளிராது. லேசருக்கு இண்டியம் ஃபாஸ்பைடு வேண்டும், அது வேறு படிகம், வேறு தொழிற்சாலை.

இதெல்லாம் சுமை தூக்கும் ஒளி. பெரியப்பா கேட்டது கணக்குப் போடும் ஒளி.

அதுவும் கதை அல்ல. ஒளியை இரண்டாகப் பிரித்து, ஒரு கிளையைக் கொஞ்சம் தாமதப்படுத்தி மீண்டும் சேர்த்தால், தாமதத்துக்கு ஏற்ப வெளிச்சம் கூடும், குறையும். அதாவது உள்ளே போன எண் இன்னொரு எண்ணால் பெருக்கப்பட்டு வெளியே வருகிறது. பல கிளைகளின் வெளிச்சத்தை ஒரே உணரியில் விழவைத்தால் அது கூட்டல். ஏ.ஐ. செய்வதில் பெரும்பங்கு இந்தப் பெருக்கலும் கூட்டலும்தான். 2025-இல் லைட்மேட்டர் என்ற அமெரிக்க நிறுவனம் உண்மையான ஏ.ஐ. மாதிரிகளையே இப்படி ஓட்டிக் காட்டி நேச்சர் இதழில் எழுதியது. 80 வாட்டுக்குள், நொடிக்கு ஏறத்தாழ 65 லட்சம் கோடி கணக்குகள். மலைப்பாக இருக்கிறதா? 2022-இல் வந்த எச்100 ஜிபியு 700 வாட்டில் 990 லட்சம் கோடி போடுகிறது. வாட்டுக்கு எவ்வளவு என்று வகுத்துப் பார்த்தால் பழைய ஜிபியுதான் ஜெயிக்கிறது. காரணம், ஒளியில் எண்ணை நிறுத்தி வைக்க முடியாது. ஒவ்வொரு முறையும் மின்சாரத்திலிருந்து எடுத்து, வெளிச்சமாக்கி, விடையை மறுபடி இலக்கமாக்க வேண்டும். ஏற்று கூலி, இறக்கு கூலி, மறுபடியும் அதே கதை. லைட்மேட்டரே கணக்குச் சிப்பில் தொடங்கிய கம்பெனிதான். இன்று முன்னால் நிறுத்துவது சிப்புகளை இணைக்கும் ஒளிப்பாலத்தை. 2024-இல் முதலீட்டாளர்கள் அந்தக் கம்பெனியை 440 கோடி டாலருக்கு மதிப்பிட்டார்கள். 2025 டிசம்பரில் சிப் நிறுவனமான மார்வெல் 325 கோடி டாலருக்கு வாங்குவதாக அறிவித்த செலஸ்டியல் ஏ.ஐ.யும் சுமை தூக்கும் கட்சிதான்.

"2000-லயும் இப்படித்தான் ஃபைபர் ஃபைபர்னு குதிச்சாங்க," என்றார் பெரியப்பா. அப்போது ஃபைபர் செய்யும் கார்னிங்கின் பங்கு 100 டாலரைத் தாண்டியிருந்தது. இரண்டே வருடத்தில் ஒரு டாலருக்குப் பக்கத்தில் வந்தது. ஃபைபரில் எந்தக் கோளாறும் இல்லை, அன்று மண்ணுக்குள் போட்டதில்தான் இன்றும் பேசிக்கொண்டிருக்கிறோம்.

அப்புறம், வாய்க்காலின் அகலம் அரை மைக்ரான் என்று நான் சொன்னது அவருக்குள் எங்கோ தைத்திருக்க வேண்டும். டம்ளரைக் கீழே வைத்தார். "நம்ம ஃபைபருக்குள்ள ஒளி போற நடுப்பகுதி ஒன்பது மைக்ரான். ரெண்டு ஒன்பதை நேருக்கு நேர் வெச்சு ஸ்ப்ளைஸ் பண்றதுக்கே, அதாவது ஒட்டி இணைக்கிறதுக்கே, மூச்சைப் பிடிச்சுக்கிட்டு உட்காருவோம். ஒன்பதை அரையில யாருடா ஒட்டுறது?"

அதுதான் இப்போதும் தலைவலி. வாய்க்காலின் முனையைப் படிப்படியாகச் சீவி ஒளியை விரியவிட்டு, இயந்திரக் கையால் மைக்ரானுக்கும் குறைந்த பிசகோடு பொருத்திப் பசையால் ஒட்டுகிறார்கள். ஒரு சிப்புக்குப் பத்துக் கணக்கில் ஃபைபர்கள். ஒன்று நகர்ந்தாலும் விலை உயர்ந்த அந்த மொத்தப் பொட்டலமும் வீணாகலாம். மல்லேஸ்வரம் பக்கம் ஐ.ஐ.எஸ்ஸி.யிலும் சென்னை ஐ.ஐ.டி.யிலும் சிலிக்கான் ஃபோட்டானிக்ஸ் செய்பவர்களைக் கேட்டால், ஒளியை உள்ளே நுழைப்பதைப் பற்றியே பாதி நேரம் பேசுவார்கள்.

பெரியப்பா கைபேசியை மறுபடி என்னிடம் தந்தார். "இந்தக் கம்பெனிக்காரன் ஜாயின்ட்டைப் பத்தி எங்கயாவது எழுதியிருக்கானா பாரு."