எலி கேக் தின்ற நாய் மூன்று நாள் துள்ளித்தான் திரியும்

"சாரே, நாய் எலி மருந்தைத் தின்னுட்டு. ரெண்டு நாள் ஆச்சு, நல்லாத்தான் சோறு தின்னுது. கொண்டு வரணுமா?"

கால்நடை மருத்துவரான எனக்கு, மழை பிடித்துவிட்டால் இப்படி ஒரு போனாவது வந்துவிடும். குமரி மாவட்டத்துக்கு இரண்டு பருவமழையும் உண்டு. வயலும் விளையும் (எங்கள் ஊரில் தோட்டத்தை விளை என்போம்) ஈரமானதும் எலியும் பெருச்சாளியும் மேட்டுக்கும் வீட்டுக்கும் ஏறும். மரச்சீனிக் கிழங்கு, அதாவது மரவள்ளி, முற்றும் நேரம் என்றால் கேட்கவே வேண்டாம், மூடு மூடாக, ஒவ்வொரு செடியின் அடியிலும் தோண்டித் தின்றுவிட்டுப் போகும். விஷம் வைக்கிறவர்களை நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் அந்தப் போனுக்கு என் பதில் எப்போதும் ஒன்றுதான்: இப்போதே கொண்டு வாருங்கள், மருந்தின் அட்டையையும் எடுத்து வாருங்கள். நன்றாக இருக்கும் நாயை எதற்குக் கொண்டுவரச் சொல்கிறார், காசு பிடுங்கவா என்று சிலர் நினைப்பது குரலிலேயே தெரியும். நினைக்கட்டும்.

நீலம், பச்சை, சிவப்பு நிறங்களில் கட்டியாக விற்கும் எலி கேக்கில் பெரும்பாலும் இருப்பது புரோமடையலோன். இது ரத்தம் உறைவதைத் தடுக்கும் விஷம். காயம் பட்டால் ரத்தம் உறையச் சில புரதங்கள் தேவை. அவற்றைக் கல்லீரல் செய்கிறது, செய்வதற்கு வைட்டமின் கே வேண்டும். பயன்படுத்திய வைட்டமினை உடம்பு மறுபடி மறுபடி புதுப்பித்து வைத்துக்கொள்ளும். இந்த விஷம் அந்தப் புதுப்பிக்கும் வேலையை நிறுத்திவிடும். மொத்த வியாபாரியிடமிருந்து லாரி வருவது நின்றாலும் மளிகைக்கடை உடனே காலியாகாது அல்லவா, அதுபோல ஏற்கெனவே ரத்தத்தில் ஓடும் புரதங்களைக் கொண்டு நாய் சில நாள் சமாளிக்கும். இருப்பு தீர்ந்ததும், வழக்கமாக மூன்றாம் நாளிலிருந்து ஐந்தாம் நாளுக்குள், உள்ளே கசிய ஆரம்பிக்கும். அதுவரை வாலாட்டும், குரைக்கும், பூனையைத் துரத்தும்.

கருங்கல் பக்கத்திலிருந்து வந்த ரோசியின் கதை இது. பதினான்கு கிலோ எடையுள்ள பெண் நாய், நாட்டு ரகம். வீட்டில் கணவன், மனைவி, பள்ளிக்கூடம் போகும் பையன், பையனின் பாட்டா (தாத்தா). "நெஞ்சுல சளி சாரே, இருமுது" என்று சொல்லித்தான் அந்த அக்கா கொண்டுவந்தார். வீட்டில் இருந்த இருமல் மருந்தையும் கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள். முந்தின நாள் ஒருவரிடம் போட்ட ஊசியின் இடம் எலுமிச்சை அளவுக்கு வீங்கியிருந்தது. மேசையில் ஏற்றி உதட்டைத் தூக்கிப் பார்த்தேன். ஈறு வெளுத்துக் காகிதமாக இருந்தது. சளி பிடித்த நாய்க்கு ஈறு வெளுக்காது. நெஞ்சின் கீழ்ப்பகுதியில் ஸ்டெதஸ்கோப்பை வைத்தால் மூச்சுச் சத்தமே கேட்கவில்லை. நுரையீரலைச் சுற்றி ஏதோ தேங்கி நிற்கிறது என்று அர்த்தம்.

"எலி மருந்து ஏதாவது வச்சிருந்தீங்களா?"

"இல்ல சாரே, நாங்க அதெல்லாம் வைக்கிறதே இல்ல." அக்கா அடித்துச் சொன்னார். கணவரும் தலையாட்டினார்.

கதவோரம் நின்ற பையன்தான், "பாட்டா மரச்சீனி மூட்டுல நீல மிட்டாய் வச்சாரே" என்றான். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். வீட்டில் வைத்தீர்களா என்று நாங்கள் கேட்கும்போது, விளையில் வைத்தது அவர்கள் நினைவுக்கு வருவதில்லை. அதனால் இப்போதெல்லாம் வீடு, விளை, பக்கத்து விளை, தென்னை மண்டை (மரத்தின் உச்சி) என்று பிரித்துப் பிரித்துக் கேட்கிறேன். பாட்டாவுக்குப் போன் போட்டதில், ஒரு வாரமாக வளை வளையாகக் கேக் வைத்ததும், காலையில் போய்ப் பார்த்தால் எல்லாம் காலியாக இருந்ததும் தெரிந்தது. எலி தின்றது என்று சந்தோஷப்பட்டிருக்கிறார். ஒரே தடவை கொஞ்சம் தின்பதைவிட இப்படித் தினமும் தின்பது மோசம்.

கொஞ்சம் ரத்தம் எடுத்துச் சாதாரணக் கண்ணாடிக் குழாயில் வைத்தோம். பத்துப் பதினைந்து நிமிடத்துக்குள் உறைந்திருக்க வேண்டியது, அரை மணி நேரம் ஆகியும் சாய்த்தால் தண்ணீராக ஓடியது. ஊசி குத்திய இடத்தை உதவியாளர் பஞ்சு வைத்து அழுத்திக்கொண்டே நின்றார்.

இதற்கு மாற்று மருந்து உண்டு, வைட்டமின் கே 1. ஆனால் போட்டதும் வேலை செய்யாது. கல்லீரல் புதிதாகப் புரதம் செய்து ரத்தத்தில் விட ஆறு மணி நேரமாவது, சில நேரம் பன்னிரண்டு மணி நேரம்கூட ஆகும். ரோசியிடம் அவ்வளவு நேரம் இருக்கிறதாகத் தோன்றவில்லை. ரத்தம் ஏற்ற வேண்டும் என்றேன். "நாய்க்கு ரத்தமா? எங்க கெடைக்கும்?" என்று அந்த அண்ணன் திகைத்துப்போனார். இன்னொரு நாயிடம்தான். இதுவரை ரத்தம் ஏற்றாத நாய்க்கு முதல் தடவை ஏற்றும்போது பெரும்பாலும் பெரிய எதிர்வினை வருவதில்லை, மனிதர்களுக்கு இருப்பதுபோல, வேறு ரத்தத்தை எதிர்க்கும் எதிர்ப்பொருள்கள் இயல்பிலேயே அதிகம் இருக்காது. ஆரோக்கியமான, தடுப்பூசி போட்ட, இருபத்தைந்து கிலோவுக்கு மேல் எடையுள்ள நாய் ஒன்று கிடைத்தால் போதும். அக்காவின் தம்பி வீட்டு லேப்ரடார் ஆட்டோவில் வந்து இறங்கியது. மனிதர்களுக்குப் பயன்படுத்தும் அதே ரத்தப் பைதான். புது ரத்தம் என்பதால் சிவப்பணுவும் கிடைக்கும், உறையவைக்கும் புரதமும் கிடைக்கும். ரத்தம் கொடுத்த லேப்ரடார் பிஸ்கட்டுக்காக மேசையை விட்டு இறங்க மறுத்தது தனிக் கதை.

நெஞ்சில் தேங்கியதை ஊசி போட்டு எடுக்க அவசரப்படவில்லை. உறையாத ரத்தம் உள்ள உடம்பில் ஒவ்வொரு துளையும் புதிய கசிவு. மூச்சு கொஞ்சம் சீரானதால் அப்படியே விட்டோம், உடம்பே அதை உறிஞ்சிக்கொள்ளும். மறுநாள் காலையில் ஈற்றில் இளஞ்சிவப்பு வந்தது.

இத்தோடு முடிந்தது என்று நினைத்துத்தான் பலர் நாயை இழக்கிறார்கள். புரோமடையலோன் கல்லீரலில் வாரக்கணக்கில் தங்கும். வைட்டமின் கே 1 மாத்திரையும் மூன்று நான்கு வாரம் தொடர வேண்டும். ஒரு கிலோ எடைக்கு ஒரு நாளைக்கு 2.5 முதல் 5 மில்லிகிராம் வரை. மனித அளவோடு ஒப்பிட்டால் இது மிக அதிகமாகத் தெரியும். மெடிக்கல் ஸ்டோரில், "ஒரு நாய்க்கு இவ்வளவா?" என்று திருப்பி அனுப்பிய கதையெல்லாம் உண்டு. கொழுப்புள்ள சாப்பாட்டோடு கொடுத்தால்தான் நன்றாக உள்ளே சேரும். கடைசி மாத்திரை கொடுத்து 48 மணி நேரம் கழித்து ரத்தம் உறையும் நேரத்தை லேபில் பார்த்து, சரியாக இருந்தால்தான் நிறுத்தலாம். இன்னொன்று: கடையில் வைட்டமின் கே என்று கேட்டால் சில நேரம் கே 3 வகையைக் கொடுத்துவிடுவார்கள். இந்த விஷத்துக்கு அது பலிக்காது. சீட்டில் உள்ள எண்ணைப் பார்த்து வாங்குங்கள்.

அட்டை கேட்பதற்குக் காரணம், எல்லா எலி மருந்தும் இந்த வகை இல்லை என்பது. கருஞ்சாம்பல் பொடியாக வருவது ஜிங்க் பாஸ்பைடு. வயிற்று அமிலம் பட்டதும் விஷ வாயு கிளம்பும், சில நிமிடங்களிலிருந்து சில மணி நேரத்துக்குள் வாந்தி, வயிறு உப்பல், வலிப்பு. பசை வடிவில் வருவது மஞ்சள் பாஸ்பரஸ். தமிழ்நாட்டில் அதற்குத் தடை இருக்கிறது, ஆனாலும் பழைய டியூப் சில வீட்டுப் பரணில் கிடக்கத்தான் செய்கிறது. முதலில் வாந்தி, பிறகு தேறியதுபோல ஒரு தோற்றம், அதன்பின் கல்லீரல் செயலிழந்து மஞ்சள் காமாலை. இந்த இரண்டுக்குமே மாற்று மருந்து கிடையாது. கேக்குக்கு மட்டும்தான் உண்டு, அதைக் கோட்டைவிடுவது எனக்குப் பொறுக்காது.

கைவைத்தியமும் வகைக்கு வகை ஆபத்து. பாலும் தேங்காய் எண்ணெயும் முட்டையும் ஊற்றினால் பாஸ்பரஸ் கொழுப்பில் கரைந்து இன்னும் வேகமாக உடம்பில் ஏறும். ஜிங்க் பாஸ்பைடு தின்ற நாய்க்குச் சோறு வைத்தால் அமிலம் அதிகம் சுரந்து வாயு கூடும். உப்புக் கரைசலை ஊற்றி வாந்தி எடுக்க வைப்பது எந்த விஷத்துக்கும் வேண்டாம், உப்பே விஷமாகிவிடும். தின்று இரண்டு மணி நேரத்துக்குள் வந்தால் வாந்தி எடுக்க வைக்கும் மருந்து எங்களிடம் இருக்கிறது.

விளையில் வைத்தே ஆகவேண்டும் என்றால், எலி மட்டும் நுழையும் அளவுள்ள பிவிசி குழாயின் நடுவில் கேக்கைக் கம்பியால் கட்டி வையுங்கள். எத்தனை வைத்தோம், எங்கே வைத்தோம் என்று எழுதி, காலையில் எண்ணிப் பாருங்கள். செத்த எலியைக் குழி தோண்டிப் புதையுங்கள், அதைத் தின்னும் பூனைக்கும் இதே கதிதான். தென்னைக்கு மண்டையில் விஷம் வைப்பதைவிட, ஆள் உயரத்துக்கு மேல் தண்டைச் சுற்றித் தகரம் அடிப்பது நல்லது, எலிக்கு அதில் பிடி கிடைக்காது. பிள்ளைகள் இருக்கும் வீட்டில் அந்த நீலக் கட்டி நிஜமாகவே மிட்டாய் போலத்தான் தெரியும். பிள்ளை வாயில் வைத்தது என்று சந்தேகம் வந்தால்கூட, ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ பக்கத்தில் உள்ள பெரிய மருத்துவமனைக்கோ அட்டையோடு உடனே போங்கள்.

நாயைக் காரிலோ ஆட்டோவிலோ கொண்டுவரும்போது கண்ணாடியை இறக்கி வையுங்கள், ஏசி வேண்டாம். தின்றது பாஸ்பைடு என்றால் வாந்தியிலிருந்து கிளம்பும் வாயு உங்களையும் படுக்கவைக்கும். வாந்தியில் பூண்டு வாடையோ அழுகிய மீன் வாடையோ வந்தால், உள்ளே நுழையும் முன்பே வாசலில் நின்று எங்களிடம் சொல்லிவிடுங்கள்.