நேராக நீந்திய மர மீன்

பெரிய மீனை ஏமாற்றித் தூண்டிலில் பிடிக்கப் பொய் இரையாக நான் செதுக்கிய முதல் மர மீன், பம்புசெட் தொட்டியில் விட்டதும் செத்த மீனைப்போல ஒருக்களித்து மிதந்தது. இரண்டாவது, வேகமாக இழுத்ததும் ராட்டினமாய்ச் சுழன்று தூண்டில் நரம்பை முறுக்கிவிட்டது. மூன்றாவது அம்பு விட்டாற்போல நேராக நீந்தி வந்தது. பார்க்க அழகுதான். ஆனால் இருப்பதிலேயே மோசமான தோல்வி அதுதான் என்று எனக்கு விளங்க ஒரு மழைக்காலம் முழுக்க ஆயிற்று.

பின்லாந்தில் மீன்பிடித்துப் பிழைத்த லவுரி ரபாலாவுக்கு இது முன்பே தெரிந்திருந்தது. சிறு மீன்களின் கூட்டத்துக்குள் பாயும் பெரிய மீன், அடிபட்டுத் தள்ளாடும் மீனைத்தான் குறிவைக்கிறது என்பதை அவர் கவனித்தார். 1936இல் தக்கையைச் செருப்புத் தைக்கும் கத்தியால் செதுக்கி, சாக்லேட் சுற்றிவரும் ஈயத்தாளை மேலே ஒட்டி, அந்தத் தள்ளாட்டத்தைப் பொய் இரையில் கொண்டுவந்தார். பொய் இரை செய்வது என்பது மீனின் உருவத்தைச் செய்வதன்று; அளவோடு தடுமாறும் ஒரு பொருளைச் செய்வது.

முதல் தோல்விக்குக் காரணம் மரம். தச்சரிடம் கிடைத்த தேக்குத் துண்டில் செதுக்கியிருந்தேன். 10 கன சென்டிமீட்டர் உடல், முழுதாக அமிழும்போது 10 கிராம் நன்னீரை விலக்கும். தேக்கு அதில் ஆறரை கிராமை எடுத்துக்கொண்டது. தூண்டில் முள், கம்பி, வளையங்கள் எல்லாம் சேர்ந்து மூன்று கிராம். மீதி அரை கிராமுக்கு என்ன ஈயம் வைக்க முடியும்? அடிவயிற்றில் ஈயம் இருந்தால்தான் எடையின் மையம் மிதப்பின் மையத்துக்குக் கீழே இறங்கி, சாய்ந்த உடல் மறுபடி நிமிரும். மிக லேசான பால்சா மரம் என்றால் அதே உடல் இரண்டு கிராமைத் தாண்டாது. ஈயத்துக்குத் தாராளமாக இடம் மிஞ்சும். லேசான மரத்தை மிதப்பதற்காகத் தேடுகிறார்கள் என்றே நெடுநாள் நினைத்திருந்தேன். உண்மையில் கீழே கனத்தை வைப்பதற்காகத்தான் மேலே கனம் குறைந்த மரம் வேண்டும்.

இரண்டாவதில் மரம் சரி, உதடு பெரிது. வாய்க்குக் கீழே சாய்வாகச் செருகும் தகட்டைத்தான் உதடு என்கிறேன். பழைய சி.டி. தட்டை அறுத்துச் செய்தது, அது 1.2 மில்லிமீட்டர் தடிமனுள்ள பாலிகார்பனேட், இந்த வேலைக்கென்றே வார்த்தது போலிருக்கும். இழுக்கும்போது தண்ணீர் உதட்டில் மோதித் தலையைக் கீழே அழுத்துகிறது. மீன் ஆழத்துக்கு இறங்குகிறது. உதட்டின் இரு ஓரங்களிலிருந்தும் சுழிகள் இடம், வலம், இடம் என்று மாறி மாறிப் பிரிகின்றன. சுழி பிரியும் பக்கம் அழுத்தம் குறைவதால் தலை அந்தப் பக்கம் இழுபடுகிறது. அடுத்த கணம் மறுபக்கம். காற்றில் மின்கம்பி முனகுவதும் இதே சுழிகளால்தான்.

மெதுவாக இழுத்தபோது அந்த மீன் நன்றாகவே ஆடியது. வேகம் கூட்டியதும் குப்புறக் கவிழ்ந்தது ஏன்? தண்ணீரின் விசை வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப வளரும். இருமடங்கு வேகத்தில் நான்கு மடங்கு. ஈயத்தின் எடையோ எந்த வேகத்திலும் அதேதான். ஒரு கட்டத்தில் கவிழ்க்கும் விசை நிமிர்த்தும் விசையை வென்றுவிடுகிறது. உதடு அரை மில்லிமீட்டர் கோணியிருந்தாலும் இதே கதி: மெதுவாகப் போகும்வரை மறைந்திருக்கும் பிழை, வேகத்தில் வெளுத்துவிடும். அதனால் இப்போதெல்லாம் சோதனையைக் கடைசியில் வேகமாக இழுத்துத்தான் முடிக்கிறேன்.

அதில் பயந்துபோய் மூன்றாவதற்கு உதட்டைச் சிறிதாக்கி ஈயத்தை அள்ளி வைத்தேன். சுழிகளுக்கு உடலை அசைக்கத் தெம்பில்லை. மீனின் விலாவில் ஓடும் பக்கக்கோடு என்ற புலனுறுப்பு, தண்ணீரின் மெல்லிய, தாழ்ந்த அதிர்வுகளை உணரும். கலங்கிய குட்டையில் விரால் இரை தேட அதுவும் ஒரு துணை. நேராகச் சறுக்கி வரும் கட்டையில் அதற்குச் சொல்ல ஒரு சேதியும் இல்லை.

நான்காவதில் பெரிய உதட்டையே வைத்து, அரத்தால் தேய்த்துத் தேய்த்துத் தொட்டியில் விட்டுப் பார்த்தேன். இடப்பக்கமாக ஒதுங்கியது. நரம்பு கட்டும் வளையத்தைக் குறடால் வலப்பக்கம் துளி வளைத்ததும் நேர்வழிக்கு வந்து, வாலை ஆட்டியது. ஆட்டத்தில் கொஞ்சம் கர்வம் தெரிந்ததாக எனக்குப் பட்டது.

இரண்டு வாரத்தில் அதுவும் மந்தமாகிவிட்டது. முட்கள் கீறிய இடங்களில் வண்ணம் போய், மரம் தண்ணீர் குடித்துக் கனத்திருந்தது. வயிற்றில் இருந்த ஈயத்தின் ஆதிக்கம் குறைந்துவிட்டது. ரபாலா தம் முதல் இரைக்குப் புகைப்பட நெகட்டிவ்களை உருக்கிப் பூசியது எதற்கென்று அன்றுதான் உறைத்தது. நான் இப்போது தண்ணீர் புகாதபடி எப்பாக்சி என்ற பிசினை மூன்று பூச்சு பூசுகிறேன். கம்பி மரத்தைவிட்டு வெளிவரும் துளைகளில் மட்டும் நான்காவதாக ஒரு சொட்டு.