வெண்பொன் பூச்சு அல்ல, ரோடிய முலாம்

சேலம் செவ்வாய்ப்பேட்டை வெள்ளிக்கடைத் துண்டறிக்கைகளில் ‘வெண்பொன் பூச்சுக் கொலுசு’ என்ற சொல் அடிக்கடி கண்ணில் படுகிறது. மேலே ரோடியம் என்ற உலோகம் ஏற்றிய கொலுசைத்தான் அப்படிச் சொல்கிறார்கள். ரோடியத்தைத் தமிழாக்கிவிட்டதாக நினைப்பு. தப்பான தமிழாக்கம் இது.

ரோடியம் பிளாட்டினக் குடும்பத்து உலோகம், அணு எண் 45. 1804இல் லண்டனில் வொல்லாஸ்டன் என்ற ஆங்கிலேய வேதியியலாளர் பிளாட்டினத் தாதுவிலிருந்து பிரித்தெடுத்தார். அதன் உப்பு ரோஜா நிறம், கிரேக்கத்தில் ‘ரோடான்’ என்றால் ரோஜா, பெயர் வந்தது அப்படித்தான். உலோகமோ பளிச்சென்ற வெள்ளை.

சரி, வெள்ளையாக இருப்பதால் வெண்பொன் என்று சொல்லலாமா? கூடாது. பழந்தமிழில் பொன் என்பது உலோகத்துக்கே பொதுப்பெயர். கரும்பொன் இரும்பு, வெண்பொன் வெள்ளி. வெள்ளிக் கொலுசுக்கு வெண்பொன் பூச்சு என்றால் வெள்ளிக்கு மேல் வெள்ளி பூசியதாகத்தானே ஆகிறது? மோதிரம் வாங்குபவரோ வெள்ளைத் தங்கம் என்று எடுத்துக்கொள்வார். அது தங்கத்தோடு பல்லேடியமோ நிக்கலோ சேர்த்த கலவை. அதில் லேசாக மஞ்சள் தட்டும். அதை மறைக்கத்தான் மேலே ரோடியம் ஏற்றுகிறார்கள். வெள்ளியில் ஏற்றுவது, காற்றிலுள்ள கந்தகம் பட்டுக் கறுக்காமல் இருக்க. மூன்று உலோகத்தையும் ஒரே சொல்லில் குழப்பிவிட்டு அதைத் தனித்தமிழ் என்றால் எப்படி ஏற்பது? அகராதியைப் புரட்டாமல் நிறத்தை மட்டும் பார்த்துச் சொல் கட்டுகிறவர்களால் தமிழுக்குத்தான் கெட்ட பெயர்.

‘பூச்சு’ பிழையில்லை, ஆனால் போதாது. சுவருக்குச் சுண்ணாம்பு அடிப்பதும் பூச்சுதான். இங்கே நகையை அமிலக் கரைசலில் தொங்கவிட்டு மின்சாரம் பாய்ச்சுகிறார்கள். கரைசலிலுள்ள ரோடியம் நகைமேல் படிகிறது. பெரும்பாலும் ஒரு மைக்ரான், அதாவது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு, கனம்கூட இருக்காது. இதற்கு ‘முலாம்’ என்ற சொல் இருக்கிறது. அரபியில் பிறந்து உருது வழியாக வந்தது என்று அதை ஒதுக்குகிறார்கள். தங்க முலாம் என்றால் புரியாத தமிழர் யார்? உலோகத்தின் மேல் உலோகம் என்பதை ஒரே சொல்லில் சொல்லிவிடுகிறதே. ஆகவே ரோடிய முலாம்.

அப்புறம், ‘ரோடியம் பாலிஷ்’ என்பதும் சரியில்லை. பாலிஷ் தேய்த்து எடுப்பது, முலாம் ஏற்றுவது. மோதிரத்தில் மஞ்சள் எட்டிப்பார்க்கும்போது வெறும் பாலிஷ் போட்டால் மிச்சமிருக்கும் ரோடியமும் போய்விடும். கடையில் முலாம் என்றே கேளுங்கள்.