கவைத்தூக்கி: ஃபோர்க்லிஃப்டுக்கு ஏற்ற சொல்

மார்த்தாண்டம் பக்கம் ஓர் அண்டி ஆபீஸ். முந்திரிப் பருப்பு ஆலையை எங்கள் குமரி மாவட்டத்தில் அப்படித்தான் சொல்வோம். கொட்டை மூட்டைகள் கிட்டங்கிக்குள் ஏறிக்கொண்டிருந்தன. ஃபோர்க்லிஃப்ட் வண்டியின் இரண்டு இரும்புக் கரங்களும், மூட்டைகளுக்கு அடியில் கிடந்த பேலட் என்ற பலகைத் தட்டின் விளிம்பில் இடித்து நின்றன. "மக்கா, ஃபோர்க்க இன்னும் ரெண்டு வெரக்கட தாத்து" என்றார் பக்கத்தில் நின்ற பெரியவர். கரங்கள் தாழ்ந்தன, பலகைக்கு அடியில் நுழைந்தன, அப்படியே மூட்டைகளைத் தூக்கின.

அந்தக் கரங்கள்தான் ஃபோர்க். 'ஃபுர்கா' என்ற இலத்தீன் சொல்லிலிருந்து வந்தது. வைக்கோல் அள்ளும் இருமுனைக் கோல் என்று பொருள். 'லிஃப்ட்' பழைய நார்ஸ் மொழிச் சொல். அதன் வேர் காற்று, வானம் என்ற பொருள் கொண்டது. உயரே எழுப்புவது என்ற கருத்து அதிலிருந்தே பிறந்தது. 1917-இல் அமெரிக்காவின் கிளார்க் நிறுவனம் தன் ஆலைக்குள் சரக்கு நகர்த்தச் செய்த வண்டியை ஃபோர்க்லிஃப்டின் முன்னோடியாகச் சொல்வார்கள். அதில் இந்தக் கரங்களே கிடையாது; அவை பிறகு வந்தவை.

தமிழில் இதைப் பளுதூக்கி என்றும் பாரந்தூக்கி என்றும் எழுதுகிறார்கள். எனக்கு இரண்டுமே உடன்பாடில்லை. பளுதூக்கி என்றதும் பதக்கம் வாங்கும் வீரர் நினைவுக்கு வருகிறார். பாரந்தூக்கி கிரேனுக்கு உரியது. கிரேன் மேலிருந்து கொக்கி போட்டு இழுக்கும். இது அடியில் புகுந்து ஏந்தும். இந்த வேறுபாடு பெயரில் தெரிய வேண்டும்.

அதற்கு நம்மிடம் 'கவை' இருக்கிறது. இரண்டாகப் பிரிந்த கிளை, பிளவு என்று பொருள். புறநானூற்றின் 215-ஆம் பாட்டு 'கவைக்கதிர் வரகின்' என்று தொடங்குகிறது. பிளவுபட்ட கதிரை உடைய வரகு அது. ஊரில் பையன்கள் ரப்பர் கட்டிக் கல் எறியும் கவட்டையும் இதே குடும்பம். குலை தள்ளிய வாழை காற்றில் சாயாமல் இருக்க, நுனி பிரிந்த கம்பை முட்டுக் கொடுக்கிறோமே, அதுவும் கவைதான். ஆகவே கவைத்தூக்கி.

நடுவில் வரும் 'த்' முக்கியம். 'கவைதூக்கி' என்றால் கவையைத் தூக்குபவர் என்றாகிவிடும். கவையால் தூக்குவது என்ற பொருளுக்கு வல்லினம் மிக வேண்டும். லிஃப்டுக்கு மின்தூக்கி என்ற சொல் முன்பே பழகிவிட்டதால், காதுக்கும் இது புதிதாகப் படாது.

வகைகளுக்கும் பெயர் வேண்டும். நாம் அதிகம் காண்பது எதிரெடைக் கவைத்தூக்கி. முன்னால் சுமை, பின்னால் கனத்த இரும்பு, நடுவில் முன்சக்கரமே ஆதாரம். சீசா என்ற ஏற்றப்பலகை விளையாட்டின் அதே கணக்கு. மூன்று டன் வண்டி என்றால், சுமையின் மையம், கவை வண்டியோடு சேரும் இடத்திலிருந்து பெரும்பாலும் 500 மில்லிமீட்டர் தள்ளி இருக்கும்போது மூன்று டன். மையம் இன்னும் முன்னால் போனால் அவ்வளவு தூக்காது. மீறினால் வண்டியின் பின்பக்கம் எழும்பிவிடும். இது திரும்புவது பின்சக்கரத்தால். அதனால் வளையும்போது வால் வெளியே வீசும். பக்கத்தில் நிற்பவர்களுக்கு முதலில் சொல்ல வேண்டியது இதைத்தான். வெளிமுற்றத்துக்கு டீசல் வண்டி சரி. பருப்பும் ஆட்களும் இருக்கும் மூடிய கிட்டங்கிக்குப் பேட்டரி வண்டியே நல்லது. அங்கே பேட்டரியின் கனமும் எதிரெடையாக உதவும்.

ரீச் டிரக்கை நீள்கவைத்தூக்கி எனலாம். கவை முன்னே நீண்டு சரக்கை எடுத்து, பின்வாங்கிக்கொள்ளும். ஏறத்தாழ மூன்று மீட்டர் இடைவழி போதும். உயரமான அடுக்குகளுக்கு ஏற்றது. ஆனால் வழவழப்பான சமதளம் வேண்டும், சரல் மண் முற்றத்தில் ஓடாது.

கையால் இழுக்கும் பேலட் டிரக்குக்குத் தூக்கி என்ற பெயர் பொருந்தாது. தரையிலிருந்து ஒரு சாண் அளவுக்குத்தான் எழுப்பும். கைச்சுமைவண்டி போதும்.

இனி பேலட். சுமைத்தட்டு என்பேன். பழைய சாலையோரங்களில் இரண்டு கல்லை நட்டு, மேலே ஒரு கல்லைக் கிடத்திய சுமைதாங்கியைப் பார்த்திருப்பீர்கள். தலைச்சுமைக்காரர் யார் துணையும் இல்லாமல் அதில் இறக்கி, இளைப்பாறி, மறுபடி அப்படியே தலைக்கு மாற்றிக்கொள்வார். தரையில் வைத்துவிட்டால் தூக்கிவிட இன்னொருவர் வேண்டும். சுமைத்தட்டும் சரக்கைத் தரையில் படியவிடாமல், கவை நுழைய அடியில் இடம் விட்டு வைக்கிறது.